கொசுவலைக்குள் சவுந்தரம்

தண்ணீர்மலைச் சாலையில் ரோசம்மா நடத்திய சாப்பாட்டு வீட்டை ஊரார் கேலியாக யுனிவர்சிட்டி என்பார்கள். அந்த நாளில் பினாங்கில் மட்டுமல்ல, மலாயாவில் எங்குமே யுனிவர்சிட்டி கிடையாது. மெட்ராஸுக்குக் கப்பலேறிப் போய் ஒரு பட்டம் வாங்கி வந்தவர்கள், அடுத்த பட்டத்துக்கு வேண்டிய ஆராய்ச்சியை வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் தாங்களே செய்து, கட்டுரையாக எழுதி மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். அப்படி மூன்று பேர் ரோசம்மாவின் மாடியில் குடியிருந்தார்கள். மூவரும் பள்ளிக்கூட வாத்தியார்கள்.

திருநாவுக்கரசு, கடாரத்துக்கு வந்துபோன பழைய தமிழ் வணிகர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ரேமண்ட், இங்கிலீஷ் நாடகங்களைப் பற்றி ஆராய்ச்சி என்று தொடங்கி, அதை ஓரமாக வைத்துவிட்டுத் தானே ஒரு நாடகம் எழுத ஆரம்பித்திருந்தார். பெர்னார்ட் மலேரியாக் கொசுவை எடுத்துக்கொண்டார். மூவரிலும் சீக்கிரம் முன்னுக்கு வரப் போகிறவர் அவர்தான் என்பது மற்ற இருவருக்கும் தெரியும்.

இந்த மூன்று ஆராய்ச்சிக்கும் சோறு வடித்தவள் சவுந்தரம். ரோசம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அக்காள் புருஷன் இறந்த வருஷம் துணைக்கு என்று வந்தவள், அப்படியே அடுப்படியில் தங்கிவிட்டாள். கான்வென்டில் ஐந்தாவது வரை படித்திருந்தாள். இருபத்தெட்டு வயது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றுபோயிருந்தது. அழகு என்று சொல்ல முடியாது. அசிங்கம் என்றும் யாரும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு அவளை யாரும் பார்த்ததில்லை என்பதுதான் சரி.

அவளிடம் ஒரே ஒரு விசேஷம் இருந்தது. கொசு அவளைத்தான் தேடி வரும். பக்கத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் அவள் கால்தான் தடித்திருக்கும். "இவ ரத்தத்துல சீனி கலந்திருக்கு" என்று ரோசம்மா சொல்வாள்.

பெர்னார்டின் ஆராய்ச்சிக்கு ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஓடை ஓரத்தில் பெரிய வலை ஒன்றைக் கட்டியிருந்தார். அடிப்பக்கம் ஒரு சாண் திறந்திருக்கும். மாலை மங்கும் வேளையில் ஓர் ஆள் அதற்குள் முக்காலி போட்டு, முழங்கால் வரை திறந்து உட்கார வேண்டும். மனித வாசனைக்கு வந்த கொசுக்கள் குடித்து முடித்து வலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் உள்ளே புகுந்து ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குழாயில் அடைப்பார். முதலில் தோட்டவேலை செய்யும் முனுசாமியைக் கூலிக்கு உட்கார வைத்தார். நாலு நாள் உட்கார்ந்துவிட்டு, ஐந்தாம் நாள் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, வாத்தியார்கிட்ட சொல்லிடுங்க. மண்ணு வெட்டச் சொன்னா வெட்டறேன். கொசுவுக்குத் தீனியா உக்கார எனக்கு ஆவாது லா. என் ரத்தம் எனக்கே பத்தல."

அன்று இரவுச் சாப்பாட்டில் பெர்னார்ட் வாட்டமாக இருந்தார். கட்டுரை பாதியில் நிற்கிறது, ஆளில்லாமல் ஒரு வருஷம் போய்விடும் என்றார். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த சவுந்தரம், "நான் உக்காரட்டுமா?" என்றாள். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த வீட்டில் மூவரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கன்னிப் பெண் ஓர் ஆம்பிளை எதிரில் கால் தெரிய உட்காருவதா என்று ரோசம்மா மறுத்தாள். அப்போது பெர்னார்ட் சொன்னார். எல்லார் எதிரிலும், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"இதுல என்ன அக்கா, வேத்து ஆளா? கட்டுரை மெட்ராசுக்குப் போகட்டும். போன கையோட சாமியார்கிட்டப் போயி எங்க ரெண்டு பேர் ஓலையையும் வாசிக்கச் சொல்லிடறேன்."

கத்தோலிக்க வேதக்காரர் வீட்டில் அந்தப் பேச்சுக்கு வேறு அர்த்தம் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்பார். அதுதான் ஓலை. மூன்றாவது ஓலைக்குப் பிறகு கல்யாணம்.

ரேமண்ட் தட்டில் தாளம் போட்டார். "கேட்டுக்குங்க, நான் சாட்சி" என்றார். திருநாவுக்கரசு, "நல்ல வார்த்தை சொன்னீங்க" என்று சிரித்தார். ரோசம்மா பெரிய மீன் துண்டாகப் பார்த்து பெர்னார்ட் தட்டில் வைத்தாள். சவுந்தரம் சமையலறைக்குள் போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் உப்புச் சாடியைத் திறந்து மூடினாள்.

மறுநாளிலிருந்து அவள் வலைக்குள் உட்கார்ந்தாள். ரோசம்மா பின்கட்டு வாசலில் அரிசி புடைத்தபடி காவல் இருப்பாள். வலைக்குள் கையை ஆட்டக் கூடாது, சொறியக் கூடாது, புகை போடக் கூடாது. கொசு உட்கார்ந்து நிறைய நிறையக் குடிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு பெர்னார்ட் விளக்குடன் வருவார். முகத்துக்கு அருகே முகம் வரும். அவர் பார்ப்பது வலையில் இருக்கும் கொசுவை.

"எத்தனை?" என்று அவள் கேட்பாள்.

"பேசாதே. மூச்சுக்குப் பறக்கும்."

ரேமண்ட் மாடி ஜன்னலிலிருந்து கூப்பிடுவார்: "மலேரியா மகாராணி, தர்பார் முடிஞ்சுதா? இங்க பசிக்குது." அவளுக்கு அது வருத்தமாக இல்லை. பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களே என்றிருந்தது.

மழைக்காலம் முடியும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றுவிட்டு ஒரு நாள், பகல் உச்சிக்குச் சற்று முன்னால் குளிர் தொடங்கும். பல் கிட்டித்து, கட்டில் ஆடும். பிறகு அனல், பிறகு வியர்த்து ஓயும். அடுத்த நாள் எழுந்து சமைப்பாள். ரோசம்மா கொய்னா மாத்திரை வாங்கி வந்தாள். பெர்னார்ட் வேண்டாம் என்றார்.

"கொஞ்ச நாள் பொறுக்கட்டும் அக்கா. கொய்னா குடுத்தா ரத்தத்துல கிருமி செத்துடும். இந்த ரத்தத்தைக் கொசுவுக்குக் குடுத்து அது வயித்துல என்ன ஆகுதுன்னு நான் காட்டணும். மெட்ராஸ்ல யாரும் இதைச் செய்யல. கட்டுரையே இதுலதான் நிக்குது."

"உடம்பு தாங்குமா?" என்றாள் ரோசம்மா.

"நான் இருக்கேன்ல?"

அந்த இரண்டு வார்த்தையில் சவுந்தரம் இரண்டு மாதம் இருந்தாள். மாத்திரைகள் அலமாரி மேல் தட்டில் இருந்தன. எடுக்க முக்காலிகூட வேண்டாம். காய்ச்சல் நாளில் பெர்னார்ட் பள்ளிக்கூடம் விட்டதும் வருவார். ஊசியால் அவள் விரல் நுனியைக் குத்தி, சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொள்வார். கூண்டில் பட்டினி போட்ட கொசுக்களை அவள் கையில் மேயவிடுவார். விரல்கள் பத்தும் குத்துப்பட்டுக் கருத்திருந்தன. மாவு பிசைந்தால் எரிந்தது. கட்டுரை வளர்கிறது என்று அவள் நினைத்தாள். அவள் அளவில் கட்டுரை என்பது மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

கட்டுரையின் பெரும்பகுதி மெட்ராஸுக்குப் போனது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி என்றார் பெர்னார்ட். பிறகு சனி ஞாயிறுகளில் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய்வரத் தொடங்கினார். அங்கே வயல் கொசுவைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். அங்கே அவர் பார்த்தது பாக்கியநாதன் வீட்டை. பாக்கியநாதன் ஒரு சுகாதார ஆபீசின் பெரிய கிளார்க். கொசு ஆராய்ச்சி படித்தவருக்கு அந்த ஆபீசில் ஒரு நல்ல இடம் காலியாகப் போவதை முதலில் அறிந்தவர். அவருக்கு ஐரீன் என்று ஒரே மகள்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு சவுந்தரம் காய்ச்சலில் கிடந்தாள். ரோசம்மா பூசையில் இருந்தாள். காதில் விழுந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கஞ்சி காய்ச்சித் தங்கைக்குக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது என்று நினைத்தாளா, சண்டை வந்தால் மற்றவர்களும் போய் மாடியே காலியாகுமே என்று நினைத்தாளா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு வாரம் கழித்து, இரண்டாவது ஓலையும் வாசித்த பூசைக்குச் சவுந்தரத்தை அக்காள் சமையலைச் சொல்லி வரவிடாமல் நிறுத்திவிட்டாள். அன்று பகல், ரேமண்டுக்கும் திருநாவுக்கரசுக்கும் சோறு பரிமாறும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"பெர்னார்டுக்கு ரெண்டு ஓலை போச்சு. இன்னும் ஒண்ணுதான்" என்றார் ரேமண்ட். "மாமனார் மோட்டார் வச்சிருக்காராம். கொசு நம்மாளை எங்க கொண்டு போய் இறக்குச்சு பாருங்க."

திருநாவுக்கரசு மேசைக்குக் கீழே அவர் காலை இடித்தார். ரேமண்ட் நிமிர்ந்தார்.

"அட, இதுக்குத் தெரியாதா? ரோசம்மாக்கா சொல்லலையா?"

சவுந்தரம் கையிலிருந்த அகப்பையில் பருப்பு இருந்தது. அதைத் திருநாவுக்கரசின் சோற்றில் ஊற்றினாள். மோர் வேண்டுமா என்று கேட்டாள். பிறகு உள்ளே போனாள்.

மாலையில் பெர்னார்ட் திரும்பி வந்தபோது அவர் அறை வாசலில் நின்றாள். அந்த மாடிக்கு அவள் துடைக்க மட்டும்தான் ஏறுவாள்.

"யாரோட ஓலையை வாசிச்சாங்க?"

பெர்னார்ட் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"நானே சொல்லணும்னு இருந்தேன்."

"என் பேருல வாசிக்கிறேன்னு சொன்னீங்க."

"எப்போ?"

"சாப்பிடும்போது. எல்லாரும் இருந்தாங்க."

"சாப்பிடும்போது ஆயிரம் பேசுவோம், சவுந்தரம். ரேமண்ட் தினம் உன்னை மகாராணிங்கிறான். அதுக்காக நீ கிரீடம் கேப்பியா?" அவர் குரலில் கோபம் இல்லை, பாடம் நடத்துகிற பொறுமை இருந்தது. "உனக்கு நான் நல்லதுதான் செய்வேன். கட்டுரை முன்னுரையில அக்கா வீட்டைக் குறிச்சிருக்கேன். ஆமா, நீ இன்னும் கொய்னா சாப்பிடலையே?"

"இல்ல."

"கெட்டிக்காரி. வர்ற ஞாயித்துக்கிழமை உனக்குக் காய்ச்சல் முறை. கோயிலுக்கு வராதே. படுத்திரு."

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இல்லாத நாள். சவுந்தரம் யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் போனாள். சாமியார் பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் தமிழ் படித்தவர். புத்தகத் தமிழில்தான் பேசுவார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"மகளே, அவர் எழுதிக் கொடுத்தாரா?"

"இல்ல சாமி. வாயால சொன்னாங்க."

"வாய்மொழி வார்த்தைப்பாடு திருச்சபைச் சட்டத்துக்குப் போதாது. ஆனாலும் அது பொய் அன்று என்று எனக்குத் தெரிந்தால், மூன்றாம் ஓலையை நிறுத்திவைத்து அவரை அழைத்து விசாரிப்பேன். கேட்டவர்கள் உண்டா?"

"அக்கா. வாத்தியார் ரெண்டு பேர்."

"அக்காள் உன் இரத்தம். அந்த இருவரும் சனிக்கிழமைக்குள் என்னிடம் வந்து சொல்லட்டும். ஒருவர் வந்தாலும் நிறுத்துவேன்."

ஒருவர் போதும். அதை அவள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தாள். தினமும் இரண்டு வேளை சோறு போட்டவர்கள். ஒருவர் தங்கச்சி என்பவர், ஒருவர் அன்றைக்கே நான் சாட்சி என்றவர்.

முதலில் திருநாவுக்கரசிடம் போனாள். அவர் முருகன் கோயிலுக்குப் போய்வந்து திருநீறு பூசிய நெற்றியுடன் எழுத உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்க கேட்டதைச் சாமியார்கிட்ட வந்து சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் பேனாவை மூடிவைத்தார். "உக்காரு தங்கச்சி. நான் சைவக்காரன். உங்க கோயில் விசயத்துல நான் நுழைஞ்சா நல்லா இருக்குமா?"

"கேட்டீங்கதானே?"

"கேட்டேன். ஆனா அவர் எந்த அர்த்தத்துல சொன்னாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதற சரித்திரத்துல ஒரு வரி எழுதணும்னா கல்வெட்டு கேப்பாங்க, செப்பேடு கேப்பாங்க. சோறு தின்னும்போது சொன்னதை ஆதாரம்னு நானே எப்படிச் சொல்றது? அதோட இன்னொண்ணு. உனக்காக நான் படியேறினா, நாளைக்கு உன்னையும் என்னையும் சேர்த்துப் பேசுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் எழுந்தபோது, "ராத்திரிக்கு ரசம் வைப்பியா? தொண்டை சரியில்ல" என்றார். அன்று ரசம் வைத்தாள்.

ரேமண்ட் மறுக்கவில்லை. அவளை மாடி வராந்தாவில் நிற்க வைத்து, எல்லாவற்றையும் கேட்டார். பெர்னார்ட் சட்டையைக் கழற்றிக்கொண்டே பேசினாரா? அப்போது எங்கே பார்த்தார்? சாமியார் என்ன சொன்னார், அந்தத் தமிழிலேயே சொல். வலைக்குள் இருக்கும்போது மனசில் என்ன ஓடும்? அவள் இதுவரை யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. காய்ச்சல் வந்து குளிரில் கிடக்கும்போதெல்லாம் கல்யாணப் புடவை நிறத்தை மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டதைக்கூடச் சொன்னாள். ரேமண்ட் கண் பளபளக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். நீங்க வந்து சொல்லுவீங்களா?"

"பாவம் நீ. சனிக்கிழமை சாயந்தரம் போலாம். நானே ரிக்‌ஷா பிடிக்கிறேன்."

சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் இல்லை. வெளுத்த சேலை கட்டிக்கொண்டு முன்வாசலில் நின்றாள். காலையில் வெளியே போன ரேமண்ட் வரவில்லை. விளக்கு வைத்த பிறகு வந்தார். நண்பர்கள் நாலைந்து பேர் ஒரு நாடக மண்டபத்தில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்களாம், புதிதாக எழுதிய காட்சியைப் படித்துக் காட்டச் சொல்லி. வலைக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிற காட்சி. அந்தப் பெண் புடவை நிறத்தை மாற்றி மாற்றி நினைக்கிற இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பெர்னார்டும் இருந்தாராம், கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். இதை அவர் படியேறிக்கொண்டே திருநாவுக்கரசிடம் சொன்னார். வாசலில் நின்றவளைப் பார்த்ததும், "ஐயோ, மறந்தே போச்சு. சாமியார் இந்நேரம் படுத்திருப்பாரே" என்றார்.

ஞாயிறு காலை அவள் எழுந்து தலை வாரினாள். ரோசம்மா வழியை மறித்தாள்.

"இன்னைக்கு உனக்கு முறை. எங்க போறே?"

"பூசைக்கு."

"போயி?"

"யாரும் சொல்லலைன்னா நானே சொல்றேன். சாமியார் கேப்பாருல்ல, தடை இருக்கான்னு."

"பைத்தியமாடி உனக்கு? அத்தனை பேர் நடுவுல பொம்பளை எழுந்து நின்னா, அவன் பேரு கெடாது. உன் பேருதான் கெடும். அப்புறம் இந்த வீட்டுல எவன் சாப்பிட வருவான்?"

"அக்கா, வலைக்குள்ள என்னை உக்கார வச்சப்போ நீதான் காவல் இருந்தே."

ரோசம்மா வழியை விட்டாள். முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள்.

காய்ச்சல் உச்சிப்பொழுதை ஒட்டித்தான் வரும். பூசை அதற்குள் முடிந்துவிடும். அதை எண்ணித்தான் சவுந்தரம் புறப்பட்டிருந்தாள். ஆனால் வெயிலில் நடந்த நடையோ, இரவு சாப்பிடாததோ, பிரசங்கம் நடக்கும்போதே முதுகுத்தண்டில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டாள். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசை. ஆண்கள் பக்கத்தில் முன்னால் வெள்ளைக் கோட்டுடன் பெர்னார்ட், அருகில் ரேமண்ட்.

சாமியார் ஓலையை எடுத்தார். பெர்னார்ட், ஐரீன், தகப்பன் பெயர்கள், பங்குகள். இது மூன்றாவது முறை. இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். வழக்கமாக அதோடு அடுத்ததற்குப் போய்விடுவார். அன்று நிறுத்தினார். பெண்கள் பக்கம் பார்த்து நின்றார்.

சவுந்தரம் எழுந்து நின்றாள்.

தலைகள் எல்லாம் திரும்பின. அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் குளிர் அவளை முழுதாகப் பிடித்தது. தாடை ஆடியது. "சா... சாமி" என்பது வரை வந்தது; அதற்கு மேல் பல்லோடு பல் அடிக்கும் சத்தம்தான் வந்தது. கைகள் உதறின. முன்னாலிருந்த பெண் பயந்து நகர்ந்தாள். சவுந்தரம் பெர்னார்டை நோக்கிக் கையை நீட்டினாள். கை நிற்கவில்லை, அது யாரைக் காட்டுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

பெர்னார்ட் எழுந்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து கடந்து வந்து, நீட்டிய அந்தக் கையைப் பிடித்து நாடி பார்த்தார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"பயப்பட வேணாம், சாமி. மலேரியாக் காய்ச்சல். எங்க சாப்பாட்டு வீட்டுப் பொண்ணு. நான்தான் பார்த்துக்கிட்டு வர்றேன்."

கோயிலில் மெல்லிய முணுமுணுப்பு எழுந்தது. நல்ல மனசு, சமையல்காரப் பெண்ணுக்குக்கூட எழுந்து வந்தாரே என்று யாரோ சொன்னார்கள். சாமியார் சவுந்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மகளே, ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். அவள் தலை மேலும் கீழும் ஆடியது, பக்கவாட்டிலும் ஆடியது. அவர் ரோசம்மாவைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சாமி" என்றாள் ரோசம்மா. "காய்ச்சல் வேகத்துல எழுந்துட்டா."

சாமியார் இன்னும் ஒரு கணம் நின்றார். பிறகு பீடத்துக்குத் திரும்பினார்.

பிற்பகல் அவள் அனலில் கிடந்தாள். விஷயம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் அறை நிறைய வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பாக்கியநாதனின் மோட்டார் நின்றது. பெர்னார்ட் உள்ளே வந்தார். புது மாமனாரை வண்டியில் காத்திருக்க வைத்துவிட்டு நோயாளியைப் பார்க்க வந்த பெருந்தன்மைக்குப் பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள்.

"கொய்னா குடுக்கலையே அக்கா?"

"நீங்க சொல்லாம எப்படிக் குடுப்பேன்?"

"நல்லது. இதுதான் கடைசி. இன்னைக்கு எடுத்துட்டா அத்தியாயம் முடிஞ்சுடும். ராத்திரியிலேர்ந்து மாத்திரை குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடித் துண்டையும் ஊசியையும் எடுத்துத் துடைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "விரலைக் குடு, சவுந்தரம்" என்றார்.

சவுந்தரம் அவரைப் பார்த்தாள். கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பெர்னார்ட் ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெளியே மோட்டாரின் ஹாரன் ஒரு தடவை ஒலித்தது.

ரோசம்மா போர்வையை விலக்கினாள். தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவிரலை நீட்டிக் கொடுத்தாள்.